மண்ணுக்குள்ள இருந்து வர்ற எக்ஸ்ட்ரா, மேடையில இருந்து வர்ற எக்ஸ்ட்ரா

எஸ்டிமேஷன் பேப்பர்ல அடிக்கடி வர்ற ரெண்டு மார்க் கேள்வி ஒண்ணு இருக்கு. எக்ஸ்ட்ரா ஐட்டம் என்றால் என்ன? பதில் எல்லாருக்கும் மனப்பாடம். ஒப்பந்தத்துல இல்லாத, ஆனா வேலையை முடிக்கத் தேவைப்படுற புது ஐட்டம். எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் போனேன். அந்த ரெண்டு வரியில "தேவைப்படுற" அப்படிங்கிற வார்த்தைதான் மொத்த சப்ஜெக்ட்டும்னு இன்டர்ன்ஷிப் போன பிறகுதான் புரிஞ்சுது.

வர்ற ஜூலையில ஒரு கட்டுமான கம்பெனியில பில்லிங் இன்ஜினியரா சேரப்போறேன். அதாவது இந்த எக்ஸ்ட்ரா ஐட்டங்களை அளந்து, ரேட் போட்டு, பில்லுல ஏத்துறதுதான் என் வேலையே. அதுக்கு முன்னாடி எனக்கே ஒரு தெளிவு வேணும்னுதான் இதை எழுதறேன். சிவில் மக்கள் மட்டும் இல்ல, மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களும் படிக்கலாம். பணம் எல்லாரோடதும்தானே.

முதல்ல அடிப்படை. ஒரு அரசு வேலைக்கு டெண்டர் விடும்போது பிஓக்யூ அப்படின்னு ஒரு பட்டியல் இருக்கும். எவ்வளவு மண் தோண்டணும், எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி. அதுக்கு நாலு பேர் ரேட் கொடுப்பாங்க, குறைஞ்ச தொகை கொடுத்தவருக்கு வேலை. தமிழ்நாட்டுல இதுக்குன்னு 1998-லயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு. இதுவரைக்கும் போட்டி இருக்கு. வேலை ஆரம்பிச்சு பாதியில ஒரு புது ஐட்டம் வந்தா அங்க போட்டி கிடையாது. சைட்டுல இருக்கறது ஒரே ஒரு கான்ட்ராக்டர். மத்திய பொதுப்பணித் துறையோட ஒப்பந்தத்துல 12-ஆவது பிரிவு இதைப் பத்தித்தான். அதன்படி கான்ட்ராக்டர் தன்னோட ரேட்டை அனாலிசிஸோட கொடுக்கணும், பொறுப்பு இன்ஜினியர் மார்க்கெட் ரேட்டை வச்சு முடிவு பண்ணணும். நாலு பேர் மோதி வந்த ரேட் ஒரு பக்கம், ரெண்டு பேர் உக்காந்து பேசின ரேட் இன்னொரு பக்கம். எக்ஸ்ட்ராவோட முதல் பிரச்சினை இதுதான். தப்பு நடக்கணும்னு அவசியமே இல்ல, போட்டி இல்லாததே விலையை ஏத்திடும்.

ஆனா எக்ஸ்ட்ரா எல்லாமே திருட்டு இல்ல. இதைச் சொல்லாம விட்டா நான் ஒரு இன்ஜினியரே கிடையாது. எங்க ஊர் கன்னிவாடி. திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனிமலையோட அடிவாரம். எங்க பக்கத்துல இருந்துதான் தருமத்துப்பட்டி வழியா பன்றிமலை, ஆடலூருக்கு மலைரோடு ஏறுது. காபி, மிளகு, மலைவாழை எல்லாம் அந்த ரோட்டுலதான் கீழே இறங்கி வரும். அந்த மாதிரி ரோட்டுல ஒரு தடுப்புச்சுவருக்குத் தோண்டும்போது, உள்ள மண் இருக்கா பாறை இருக்கான்னு எஸ்டிமேட் போட்டவருக்கு முழுசாத் தெரியாது. மேல செம்மண் தெரியும். ரெண்டு அடி இறங்கினா கருங்கல் பாறை. மண்ணுக்கு ஒரு ரேட், வெட்டி எடுக்க வேண்டிய பாறைக்கு வேற ரேட். இது நேர்மையான எக்ஸ்ட்ரா. மண்ணுக்குள்ள இருந்து வர்றது. யாரும் கண்டுபிடிச்சு எழுதினது இல்ல, பூமியே எழுதினது.

இதுலயும் ஒரு விளையாட்டு இருக்கு. கணக்குக்காக நானே சில எண்களைப் போடறேன். பிஓக்யூவுல மண் 1000 கனமீட்டர், பாறை 100 கனமீட்டர்னு வச்சுக்கோங்க. முதல் கான்ட்ராக்டர் மண்ணுக்கு 200, பாறைக்கு 800 ரூபாய் கேக்கிறார். மொத்தம் 2,80,000. ரெண்டாவது ஆள் மண்ணுக்கு 120, பாறைக்கு 1500. மொத்தம் 2,70,000. ரெண்டாவது ஆளுக்குத்தான் வேலை. தோண்டிப் பாத்தா மண் 500 தான், பாறை 600. இப்போ முதல் ஆள் செஞ்சிருந்தா 5,80,000 ஆகியிருக்கும். ரெண்டாவது ஆளுக்கு 9,60,000. டெண்டர்ல பத்தாயிரம் குறைச்சவர் கடைசியில 3,80,000 அதிகமா வாங்கிட்டுப் போறார். அவர் ஏமாத்தலை, அந்த மலையை நல்லாத் தெரிஞ்சவர், அவ்வளவுதான். எஸ்டிமேட் போட்டவருக்கு மலை தெரியலை.

இதைத் தடுக்கத்தான் ஒப்பந்தத்துல அளவு மாற்றத்துக்கு ஒரு வரம்பு வைப்பாங்க. 30 சதவீதம்னு வச்சா, பாறை 130 கனமீட்டர் வரைக்கும் பழைய ரேட், மீதி 470-க்கு மார்க்கெட் ரேட்டைப் பாத்து மறுபடி முடிவு பண்ணணும். ஆனா இதைவிட மலிவான மருந்து ஒண்ணு உண்டு. எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாடி நாலு இடத்துல சோதனைக் குழி தோண்டிப் பாக்கிறது. ஒரு நாள் ஜேசிபி வாடகை. அதை ஏன் பண்ண மாட்டேங்கறாங்கன்னு எங்க மேடம்கிட்ட கேட்டேன். "எஸ்டிமேட் சாங்ஷன் ஆகறதுக்கு முன்னாடி தோண்ட எந்தத் தலைப்புல பணம் எடுப்பாங்க, சொல்லு"ன்னு திருப்பிக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை.

இப்போ அடுத்த வகைக்கு வரலாம். மேடையில இருந்து வர்ற எக்ஸ்ட்ரா.

நம்ம மாநிலத்துல இதுக்கு எல்லாரும் பாத்த உதாரணம் சென்னை ஓமந்தூரார் தோட்டத்துல கட்டின புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம். டிசைன் ஜெர்மனியோட ஜிஎம்பி நிறுவனம். 2010 மார்ச் 13 அன்னைக்குப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வச்சார். கட்டடத்தோட அடையாளமே நடுவுல வர்ற பெரிய கோபுர வடிவக் கூரைதான். ஆனா திறப்பு விழா தேதி வந்தப்ப அது தயாராகலை. என்ன பண்ணாங்க? சினிமா ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணியை வச்சு அந்த இடத்துல தற்காலிகமா ஒரு கூரை செட் போட்டாங்க. 'நாயகன்' படத்துக்கு மும்பை தாராவியை சென்னையிலயே செட் போட்டுக் காட்டி தேசிய விருது வாங்கினவர். அவர் வேலையில குறை சொல்ல முடியாது, விழா போட்டோக்கள்ல அது நிஜக் கூரை மாதிரியே இருக்கும். செலவு கோடிகள்ல ஆச்சு. விழா முடிஞ்ச பிறகு கழட்ட வேண்டிய ஒரு பொருளுக்கு.

ஒரு ஸ்டூடண்டா இதை யோசிச்சுப் பாருங்க. அந்த செட்டுக்கு என்ன டிசைன் லைஃப்? என்ன லோடு? ஃபங்ஷனல் ரெக்வயர்மென்ட் காலத்துல என்ன எழுதுவீங்க? "13-ஆம் தேதி சாயங்காலம் வரைக்கும் கூரை மாதிரி தெரியணும்." மண்ணு கேக்கலை, காத்து கேக்கலை, உள்ளே உக்காரப்போற சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அது தேவைப்படலை. கேட்டது ஒரு தேதி.

அடுத்த வருஷம் மே மாசம் ஆட்சி மாறுச்சு. புது அரசு சட்டமன்றத்தைத் திரும்ப ஜார்ஜ் கோட்டைக்கே கொண்டு போச்சு. ஓமந்தூரார் கட்டடத்தை மருத்துவமனையா மாத்தினாங்க, 2014 பிப்ரவரி 21-ல திறந்தாங்க. இன்னைக்கு எத்தனையோ ஏழைங்க அங்க வைத்தியம் பாக்கறாங்க, அது நல்லதுதான். ஆனா சட்டமன்றத்துக்குன்னு டிசைன் பண்ணின வட்டக் கட்டடத்துக்குள்ள ஆபரேஷன் தியேட்டர், ஆக்ஸிஜன் லைன், வார்டு எல்லாம் நுழைக்கறது எவ்வளவு பெரிய எக்ஸ்ட்ரா ஐட்டம்னு பில்டிங் சர்வீசஸ் படிச்சவங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தேதிக்காகச் செலவு, இன்னொரு பக்கம் அந்தத் தேதியை அழிக்கறதுக்காகச் செலவு. ரெண்டு கட்சிக்காரங்களும் என்கிட்ட சண்டைக்கு வராதீங்க, ரெண்டையும் ஒரே எம்-புக்லதான் எழுதறேன்.

கட்டுமானத்துல முறைகேடு நடந்துச்சான்னு விசாரிக்க நீதிபதி ரகுபதி தலைமையில ஒரு கமிஷன் போட்டாங்க. அந்த விசாரணைக்குத் தடை விழுந்து வருஷக்கணக்கா சும்மா இருந்தது. சும்மா இருந்த கமிஷனுக்கும் செலவு ஓடிட்டே இருந்ததை 2018-ல சென்னை உயர் நீதிமன்றமே கேள்வி கேட்டது. எக்ஸ்ட்ராவை விசாரிக்க ஒரு எக்ஸ்ட்ரா.

சரி, பெரிய ஆளுங்க கதை. இப்போ என் கதை.

இன்டர்ன்ஷிப் ஆறு வாரம், வேற மாவட்டத்துல ஒரு சைட். கம்பெனி பேரு, ஊரு பேரு எதுவும் வேண்டாம். ஒரு பொதுக் கட்டடம், முன்னாடி பெரிய வாசல். திறப்பு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். வாசலுக்கு அடியில மழைநீர் வடிகால் பைப் போகணும், பைப் இன்னும் வரலை. மேலே பேவர் பிளாக் போட்டாத்தான் மேடை போட முடியும். சைட் சூப்பர்வைசர் அண்ணன் ரொம்ப அனுபவசாலி. என்ன பண்ணலாம்னு நான் கேட்டதுக்கு சிரிச்சார். "தம்பி, மேல இருக்கறதுதான் போட்டோல வரும்."

பைப் இல்லாமலே பேவர் போட்டோம். விழா நடந்துச்சு. நாலு நாள் கழிச்சு பைப் வந்துச்சு. பேவர் எல்லாத்தையும் பேத்து, தோண்டி, பைப் பதிச்சு, திரும்ப மண் போட்டு, திரும்ப பேவர். பேத்ததுக்கு ஒரு ஐட்டம், திரும்பப் போட்டதுக்கு ஒரு ஐட்டம், உடைஞ்ச பேவருக்குப் பதில் புதுசு வாங்கினதுக்கு ஒரு ஐட்டம். டேப்போட ஒரு முனையை ஒருத்தர் பிடிக்க, அளவு குறிச்சது நான். காரணம்னு ஒரு காலம் இருக்கும். அதுல "சைட் நிலைமைக்கு ஏற்ப"ன்னு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் உறுத்தலை, ஒரு வேலையை முடிச்ச சந்தோஷம்தான் இருந்துச்சு. ரூமுக்கு வந்து ஓமந்தூரார் கூரையைப் பத்தி ஒரு வீடியோ பாத்துக்கிட்டே "மக்கள் பணம் வேஸ்ட்டு"ன்னு ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். அவன்தான் கேட்டான், "நீ இன்னைக்கு எழுதினது என்ன?"

அந்த "சைட் நிலைமை" அப்படிங்கிற வார்த்தைதான் ஆபத்து. பாறை வந்ததுக்கும் அதே வார்த்தை, மேடை வந்ததுக்கும் அதே வார்த்தை. பில்லைப் படிக்கிற ஆடிட்டருக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்.

இப்போ கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போலாம், அங்க மட்டும் எல்லாம் ஒழுங்குன்னு நெனைச்சுடக் கூடாது பாருங்க. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாண்டையும் இணைக்கிற பே பிரிட்ஜ். 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்துல கிழக்குப் பாலத்தோட மேல்தளம் ஒரு துண்டு விழுந்துடுச்சு. புதுசாக் கட்ட முடிவாச்சு. சாதாரணத் தூண்பாலம் போதும்னு ஒரு யோசனை இருந்துச்சு. ஆனா ஊருக்கு ஒரு அடையாளம் வேணும்னு கோபுரம் வச்ச தொங்குபாலம் ஒரு பகுதிக்கு முடிவு பண்ணாங்க. சாதாரண தொங்குபாலத்துல கேபிளைக் கரையில நங்கூரம் போடுவாங்க, இதுல கேபிள் பாலத்தோட தளத்துலயே கட்டியிருக்கும். நடு ஸ்பான் 385 மீட்டர். 2004-ல அந்தப் பகுதிக்கு டெண்டர் திறந்தா வந்தது ஒரே ஒரு ஆள். அவர் கேட்டது 140 கோடி டாலர், அரசோட எஸ்டிமேட்டுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. விசேஷமா எதையாவது கேட்டா அதைச் செய்யத் தெரிஞ்சவங்க குறைஞ்சுடுவாங்க, திரும்பவும் அதே போட்டி இல்லாத விலை. ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் (ஆமா, டெர்மினேட்டரேதான்) கோபுரத்தை விட்டுட்டு சாதாரணப் பாலத்துக்குப் போலாம்னு பாத்தார். உள்ளூர்ல ஒத்துக்கலை, 2005-ல கோபுரமே இருக்கட்டும்னு முடிவாச்சு. கடைசியில 2013 செப்டம்பர்ல திறந்தப்போ கிழக்குப் பாலத்தோட மொத்தச் செலவு 640 கோடி டாலர்.

எனக்கு இதுல பிடிச்ச, பயந்த பகுதி வேற. திறக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 2013 மார்ச்ல, பாலத்தைத் தூணோட பிடிச்சு வைக்கிற நங்கூரக் கம்பிகளை இறுக்கினாங்க. 96 கம்பியில 32 உடைஞ்சுடுச்சு. அதிக வலிமை எஃகுக்குள்ள ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கற மாதிரி ஆக்கிடுச்சு. மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ஒரே வரியில படிச்சுட்டுப் போன ஹைட்ரஜன் எம்ப்ரிட்டில்மென்ட்தான். அப்புறம் எஃகு சேணம் மாதிரி ஒண்ணைச் செஞ்சு இறுக்கினாங்க, ஆனா அந்த வேலை முடியறதுக்கு முன்னாடியே பாலத்தைத் திறந்துட்டாங்க. தூண்பாலத்துல எந்தக் கோளாறும் வந்திருக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு எக்ஸ்ட்ராவும் தனக்குன்னு ஒரு புது ஃபெயிலியர் மோடைக் கூட்டிட்டு வரும். அது பிஓக்யூவுல எந்த வரியிலயும் இருக்காது.

அதே பாலத்துல சைக்கிள் பாதையும் ஒரு எக்ஸ்ட்ராதான். வண்டிப் போக்குவரத்துக்கு அது தேவையே இல்ல. ஆனா தினமும் ஆட்கள் அதுல போறாங்க. அதனால அழகுக்கு வச்சது எல்லாம் தப்பு, அலங்காரம் எல்லாம் வேஸ்ட்டுன்னு நான் சொல்லலை. தஞ்சாவூர்க்காரங்ககிட்ட போய் அதைச் சொல்லவும் முடியாது.

எக்ஸ்ட்ரா உள்ளே வரும்போது இன்னொரு பக்கம் என்ன வெளியே போகுதுங்கறதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. பணம் ஒரே பைதானே. எங்க ஏரியாவுல ஒரு ஊர், பேர் வேண்டாம். ஊர் எல்லையில பளபளன்னு கிரானைட் போட்ட நுழைவு வளைவு இருக்கு. ஒரு கிலோமீட்டர் தாண்டி ரோட்டோரம் மூணு மீட்டர் உயரத் தடுப்புச்சுவர். அதுல தண்ணி வடியற ஓட்டை, அதாங்க வீப் ஹோல், ஒண்ணுகூட இல்ல. வளைவும் சுவரும் ஒரே எஸ்டிமேட்டான்னு எனக்குத் தெரியாது, அதனால அதுக்காக இதை வெட்டினாங்கன்னு நான் சொல்லலை. ஆனா வீப் ஹோல் இல்லாத சுவருக்கு என்ன ஆகும்னு கணக்குப் போட முடியும்.

காய்ஞ்ச மண்ணோட அடர்த்தி கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், கேஏ மதிப்பு மூணுல ஒண்ணுன்னு வைங்க. மூணு மீட்டர் சுவருக்கு ஒரு மீட்டர் நீளத்துல மண் தள்ளற விசை அரை பெருக்கல் மூணுல ஒண்ணு பெருக்கல் 18 பெருக்கல் 9, அதாவது 27 கிலோநியூட்டன். இப்போ ஐப்பசி அடைமழை. தண்ணி வடிய வழி இல்லாம சுவருக்குப் பின்னாடி மேல் வரைக்கும் நிக்குது. மண்ணோட மூழ்கின அடர்த்தி சுமார் 9. அதனால மண் தள்ளறது 13.5-ஆ குறையும். ஆனா தண்ணி தள்ளறது அரை பெருக்கல் 9.81 பெருக்கல் 9, ஏறக்குறைய 44. மொத்தம் 57 கிலோநியூட்டனுக்கு மேல. ரெண்டு மடங்குக்கும் அதிகம். நாலு இன்ச் பிவிசி பைப் நாலு துண்டும் அதுக்குப் பின்னாடி கொஞ்சம் ஜல்லியும்தான் இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம். எஸ்டிமேட்டுல அது ரொம்பச் சின்ன வரி. வெட்டினா யாருக்கும் தெரியாது, வச்சா யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க.

மலைரோட்டுல இதோட அர்த்தம் என்னன்னு சமவெளி நண்பர்களுக்குச் சொல்றேன். ஒரு சுவர் சரிஞ்சா அன்னைக்கு பஸ் மேலே போகாது. பஸ் போகலைன்னா மேல இருக்கற பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இல்ல, பிரசவத்துக்கு வண்டி இல்ல. கொடைக்கானல் பக்கம் வெள்ளகவி கிராமத்துக்கு ரொம்ப காலம் ரோடே இல்லாம, முடியாதவங்களை டோலி கட்டித் தூக்கிட்டு வந்த கதை நியூஸ்ல வந்திருக்கு. அவங்களுக்கு ரோடு இல்ல. எங்களுக்கு ரோடு இருக்கு, அதைப் பிடிச்சு வைக்கற சுவருக்கு ஓட்டை இல்ல. எங்க அப்பத்தா இன்னும் "மழைக்கு முந்தி மலையை விட்டு இறங்கிடணும்"னு சொல்லும். அதுக்கு சாயில் மெக்கானிக்ஸ் தெரியாது, ஆனா ஆன்சர் கரெக்ட்.

சென்னையில படிக்கற நம்ம நண்பர்கள் வேளச்சேரி பறக்கும் ரயிலை மட்டும் ஒரு தடவை இந்தக் கண்ணோட பாருங்க. 1990-கள்ல ஆரம்பிச்ச லைன், 2007-ல வேளச்சேரி வந்துச்சு. ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் மால் மாதிரி பெருசு, கடைகள் வாடகைக்கு விட்டு வருமானம் வரும்னு கட்டினது. பல ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா அந்த இடம் காலியாவே கிடந்துச்சு. இது தேதியில இருந்து வந்த எக்ஸ்ட்ரா இல்ல, நம்பிக்கையில இருந்து வந்தது. இதுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

கடைசியா உபயோகமான ஒரு விஷயம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-னா எல்லாரும் பேப்பர் நகல் வாங்கறதுன்னு மட்டும் நெனைக்கறோம். அதோட 2-ஆவது பிரிவுல, தகவல் உரிமைன்னா என்னன்னு சொல்ற இடத்துலயே, நடக்கற வேலையை நேர்ல பார்வையிடறதும், பயன்படுத்தற பொருளோட சான்றளித்த மாதிரி எடுக்கறதும் சேத்திதான். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள்ல பதில். ஒரு வேலையைப் பத்திக் கேக்கணும்னா "எவ்வளவு செலவாச்சு"ன்னு கேக்காதீங்க, ஒரு வரியில ஒரு தொகை வரும். அனுமதிச்ச எஸ்டிமேட், ஒப்பந்த பிஓக்யூ, கடைசி பில், எக்ஸ்ட்ரா ஐட்டம் ஸ்டேட்மென்ட், இந்த நாலையும் பேர் சொல்லிக் கேளுங்க. நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பிஓக்யூவுல இருந்து கடைசி பில்லுல எது காணாமப் போச்சு, எது புதுசா வந்துச்சுன்னு ரெண்டு கலர் பேனாவுல குறிச்சாப் போதும். எஸ்டிமேஷன் ரெக்கார்ட் நோட்டு எழுதறதைவிட இதுல நிறைய கத்துக்கலாம்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப நானும் என் மாமா பையனும் அந்தச் சுவரை டேப் வச்சு அளந்தோம். உயரம், நீளம், ஓட்டைங்களோட எண்ணிக்கை: பூஜ்யம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த நாலு ஆவணத்தையும் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கேன். டிராயிங்ல வீப் ஹோல் இருந்து சைட்ல விட்டுட்டாங்களா, இல்ல டிராயிங்லயே இல்லையா, அதுதான் எனக்குத் தெரியணும். டிராயிங்லயே இல்லைன்னா அது யாரோ நம்மள மாதிரி படிச்சுட்டு வந்த ஒருத்தர் போட்ட டிராயிங். பதில் வந்ததும் அடுத்த இதழ்ல போடறேன்.